ஊமைக்காக ஒன்பது செவ்வாய்க்கிழமை

என்னோடு பேசுவதற்காக ஒரு மனிதர் வாரம் முழுக்கக் காத்திருந்தது என் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் நடந்திருக்கிறது. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு அவர் ஊமை. அவர் ஊமை இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சந்தாபுரா கோயிலின் ஃபாதர். இன்னொருவன் நான்.

1991-இல் சந்தாபுராவில் வீடு கட்டிக் குடியேறியிருந்தேன். உறவினர்களிடம் பெங்களூரில் வீடு என்று சொல்லிக்கொள்வேன். அவர்கள் வந்து இறங்கியதும், "இது ஓசூர் இல்லியோ?" என்பார்கள். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அப்பா மாநில அரசில் ஓய்வுபெற்றவர். நான் ஒரு பொதுத்துறைக் கம்பெனியில் உள்சுற்றுப் பத்திரிகை நடத்திக்கொண்டு, மிச்ச நேரத்தில் தமிழ் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று தலைமுறையில் குடும்பம் எப்படி இறங்கிவந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பொம்மசந்திராவின் தொழிற்சாலைகளில் வேலை செய்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் சேர்ந்து கட்டியது சந்தாபுரா கோயில். அதன் வெள்ளி விழா மலருக்குத் தமிழ் திருத்தித் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டு ஃபாதர் என் வீட்டுக்கு வந்தார். தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். குருமடத்தில் பல ஆண்டுகள் திருச்சபை வரலாறு கற்பித்தவர். ஒரு புகழ்பெற்ற தலத்தில் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லும் வருஷத்தில் அங்கே ஊரே இருந்ததில்லை என்று ஆதாரத்தோடு நிரூபித்திருக்கிறார். அதற்குப் பரிசாகத்தான் சந்தாபுரா கிடைத்தது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

மலரைத் திருத்தப் போன இடத்தில் வாக்குவாதம் வளர்ந்தது.

"உங்காளுங்களுக்கு வரலாறு சக்கரம். யுகம் யுகமா சுத்தி சுத்தி வரும். எங்களுக்கு அது கோடு. ஆரம்பம் ஒண்ணு, முடிவு ஒண்ணு" என்றார் ஒருநாள்.

"பஸ் ரூட் மாதிரியா, ஃபாதர்?"

"அப்படியே வெச்சுக்குங்க. டெர்மினஸ் இருக்கு."

சந்தாபுரா பஸ்ஸில் தினமும் தொங்கிக்கொண்டு போகிறவனுக்கு டெர்மினஸ் உண்டு என்பதே பெரிய ஆறுதல்தான். ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர்களுடைய விசுவாச அறிக்கையில், கடவுளையும் கன்னி மரியாளையும் சொல்லும் அதே மூச்சில், ஒரு ரோமாபுரி கவர்னரின் பேரும் வருகிறது. "சம்பளம் வாங்குன ஒரு அதிகாரி பேரு ஜெபத்துல எதுக்கு? இது கதையில்ல, இன்னார் அதிகாரத்துல இருந்தப்ப நடந்ததுன்னு சொல்றதுக்கு. நடந்தத நடந்ததுன்னு சொல்றதுதான் சார் என் மதம்" என்றார். அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவரின் பெயர் ஜெபத்தில் இடம் பெற்றிருப்பது தெரிந்திருந்தால் என் தாத்தா அன்றைக்கே ஞானஸ்நானம் வாங்கியிருப்பார்.

இப்படிப்பட்டவர்தான் அந்தப் பொய்யைச் சொன்னார்.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலைக்குப் பிறகு இலங்கைத் தமிழ் பேசுகிற வாயைப் பார்த்தாலே எல்லாருக்கும் பயம். தேடப்பட்டவர்கள் சிலர் பெங்களூரின் ஓரத்தில்தான் ஒளிந்திருந்தார்கள். அதனால் நகரத்தின் எல்லையில் புதிதாக வந்து தங்கும் யாரையும் போலீஸ் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தது. அக்டோபரில், தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றிலிருந்து அனுமதி இல்லாமல் வெளியேறிய ஓர் ஓவியரை, தெரிந்த குருவானவர் ஒருவர் சொன்னதன் பேரில் ஃபாதர் கோயிலில் சேர்த்துக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த சிலுவைப்பாதைப் படங்கள் பதினான்கும் செல்லரித்துப் போயிருந்தன. புதிதாக வரைய ஆள் வந்திருக்கிறது என்று சபையாரிடம் சொன்னார். முதல் நாளே தொழிற்சாலை ஆள் ஒருவர் வந்து, "பேர் என்னாங்க?" என்று கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்து வாய் திறக்கப் போனதைப் பார்த்ததும் ஃபாதர் முந்திக்கொண்டார்: "அவருக்குப் பேச்சு வராது." ஐம்பத்தைந்து வயதில் அவர் செய்த முதல் புனைவு அது. எடுத்த எடுப்பிலேயே நான் எழுதிய எல்லாவற்றையும்விட நன்றாக எடுபட்டது.

டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் நகரத்துத் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்குப் பிறகு சந்தாபுராவில் சாதாரணத் தமிழே தாழ்ந்த குரலில்தான் பேசப்பட்டது. கோயில் ஒலிபெருக்கியை ஃபாதர் கழற்றி வைத்துவிட்டார். ஊமையாக இருப்பது அப்போது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் ஊமைகள்தான்.

ஆனால் பேசாமலே இருப்பது ஒரு மனிதரை என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஜனவரியில் ஃபாதர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அவர் சுவத்தைப் பாத்து உதட்டை அசைக்கிறார் சார். நான் பகல்ல ஊர் சுத்துற ஆளு. வாரம் ஒரு நாள் அவரோட பேச ஒருத்தர் வேணும். நீங்க பேசுற ஆளு" என்றார். என் மனைவி இதையே பல வருஷமாகப் புகாராகச் சொல்லிவந்தாள்.

சனிக்கிழமை மத்தியானங்களில், பக்கத்து மாவு மில் ஓடுகிற நேரமாகப் பார்த்து, தேர்ச்சப்பரமும் பழைய புனிதர் சுரூபங்களும் அடைத்துவைத்த பின்னறையில் நானும் ஓவியரும் உட்காருவோம். மில் சத்தத்தில் எதிரே இருப்பவர் பேசுவது மட்டும்தான் கேட்கும். அவருக்கு நாற்பது வயது இருக்கும். விரல் நகங்களில் எப்போதும் நீலம்.

"ஏதாவது கேளுங்கோ" என்றார் முதல் நாள். "என்ன எண்டாலும் பரவாயில்லை. எனக்கு என்ர குரலைக் கேட்க வேணும்."

நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டும் ஏதோ ஒரு கேள்வியைக் கேட்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல், தன் ஊர்க் கடலில் எந்தெந்த மாதம் என்ன மீன் வரும் என்று சொல்லத் தொடங்கினார். மில் நிற்கும்வரை மீன்தான். நான் பிறப்பிலிருந்து சைவம். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அவர் ஏன் ஓடிவந்தார் என்பது மூன்றாவது சனிக்கிழமைதான் வந்தது. ஊர்க் கோயில் சுவரில் ஆண்டவர் சிலுவையில் தொங்கும் காட்சியை வரைந்திருக்கிறார். அடியில் மாதாவோடு ஊர்த் தாய்மார் நிற்கிறார்கள். ஒவ்வொருத்தி கையிலும் காணாமல் போன பிள்ளையின் படம். அவ்வளவுதான்.

"ஆமிக்காரன் வந்து கேட்டான், இந்தப் பெடியள் ஆர் எண்டு. பிறகு இயக்கப் பெடியள் வந்து கேட்டவங்கள், ஆர் பிடிச்சுக்கொண்டு போனது எண்டு ஏன் கீறேல்ல எண்டு. ரெண்டு பகுதிக்கும் படத்தில மறுமொழி வேணும். நான் கீற மாட்டன் எண்டிட்டன்."

"ஏன்?"

"ஒரு பகுதியைக் கீறினால் மற்றப் பகுதி பிடிச்ச பிள்ளையளின்ர தாய்மார் எங்க நிக்கிறது?"

சுவருக்கு யாரோ சுண்ணாம்பு அடித்தார்கள். அதே வாரம் அவருடைய நண்பரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். கூத்துப் பாட்டும் தவக்கால ஒப்பாரியும் கட்டுகிறவர். எந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனது என்று கடைசிவரை தெரியவில்லை. "உடம்பு கிடைக்கேல்ல" என்றார். மில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் அப்போது அகதிகளைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். பிடிபட்டால் சிறப்பு முகாம், இல்லையென்றால் கப்பல். கப்பல் போய்ச் சேரும் கரையில், பதில் கேட்ட இரண்டு தரப்பாரும் இருந்தார்கள். சந்தாபுராவில் அவர் வாயை மூடியிருக்கிற வரைக்கும்தான் உயிர் பத்திரம். எனக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தெரியாதவர் கோயில் வாசலில் இட்லி விற்ற அம்மாள்.

முதல் ஷிப்ட் ஆட்களுக்காக விடிகாலையில் அடுப்பு மூட்டுகிறவர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். தமிழில் திட்டுவார், கன்னடத்தில் சமாதானம் செய்வார். ஓவியருக்குத் தினம் நாலு இட்லி இலவசம். "தம்பி, கார சட்னியா, தேங்கா சட்னியா?" என்று இரண்டு விரலைக் காட்டிக் கேட்பார். அவருக்குக் காது கேட்கும் என்று எத்தனை முறை சொன்னாலும் ஊமையிடம் உரக்கத்தான் பேசுவார்.

கோடி அற்புதர் என்று அவர்கள் கொண்டாடும் புனிதருக்குச் செவ்வாய்க்கிழமை நவநாள் அங்கே விசேஷம். ஒன்பது செவ்வாய், பட்டினி, ஒரே ஒரு வேண்டுதல். இரண்டு விஷயத்தை ஒன்றாகக் கேட்கக் கூடாது என்பது பெண்களே ஏற்படுத்திக்கொண்ட சட்டம். ஃபாதர் எத்தனையோ தடவை இதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று பிரசங்கம் செய்திருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மாளின் மகன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தகவல் இல்லை. ஜனவரியில் அவனுக்காகத்தான் நவநாள் தொடங்குவதாக இருந்தார். தொடங்கியது ஊமைக்காக.

"ஏம்மா, உங்க பையன்?" என்று நான் கேட்டேன்.

"எம்மவனுக்கு வாய் இருக்கு சார். எங்கன்னாலும் கேட்டு வாங்கித் துன்னுக்குவான். இதுக்கு வாய் இல்லியே, பாவம்."

அவரைப் பார்த்து இன்னும் பல பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் முப்பது நாற்பது பேர் பட்டினி கிடந்து, பேசத் தெரிந்த ஒரு மனிதருக்குப் பேச்சு வரவேண்டும் என்று உருகினார்கள். அவர் சாரத்தின் மேல் நின்று அதைக் கேட்டுக்கொண்டே வரைவார். "இது எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு" என்றார் என்னிடம். நான் பொருத்தமான நகைச்சுவை ஏதாவது தேடினேன். அகப்படவில்லை.

ஒன்பதாவது செவ்வாய் முடிந்த வெள்ளிக்கிழமை. தவக்காலம். சாயங்காலச் சிலுவைப்பாதை முடிந்ததும் மாதாவின் ஒப்பாரி பாடுவார்கள். அன்று நானும் பின்பெஞ்சில் இருந்தேன். சந்தாபுரா சபைக்கு அந்த ஒப்பாரியில் மூன்று அடிகள்தான் தெரியும். வழக்கம்போல மூன்றாவதோடு நிறுத்தி, அவரவர் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

நாலாவது அடியை யாரோ எடுத்தார்கள்.

மேலிருந்து வந்தது குரல். கரகரப்பானது, நீண்டநாள் புழங்காதது. ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கும் பதின்மூன்றாம் ஸ்தலத்துப் படத்தின் முன்னால், சாரத்தில், சுவரைப் பார்த்து நின்றபடி அவர் பாடினார். ஆணிகளைப் பிடுங்குவதை, முள்முடியை எடுப்பதை, ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு கேள்வி கேட்கும் தாயை. மாதாவின் மடியில் உடம்பை வைத்த பிறகுதான் பாட்டு நின்றது. பிறகுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"புதுமை!" என்று அலறியது இட்லிக்கார அம்மாள்தான். கிறிஸ்தவத் தமிழில் அற்புதத்துக்கு அதுதான் பெயர். பெண்கள் சாரத்தைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். "பேசு தம்பி, பேசு" என்றார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பேச்சு வரவில்லை என்றதும் ஒரு கணம் குழம்பி, உடனே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இப்போதைக்குப் பாட்டுக்கு மட்டும் வரம் கிடைத்திருக்கிறது, பேச்சு அடுத்த நவநாளில். திருச்சபைச் சங்கங்கள் பல வருஷம் கூடி முடிவு செய்கிற விஷயங்கள் இப்படிச் செருப்பு தேடுகிற நேரத்தில் முடிவாகிவிட்டன.

மறுநாள் பின்னறையில் அவரைக் கோபித்துக்கொண்டேன். ஏன் பாடினீர்கள் என்றேன்.

"எங்கட ஊரில அதை இடையில விடேலாது. மடியில வைக்குமட்டும் பாட வேணும். இடையில விட்டுட்டு எழும்பினால், ஆண்டவரைச் சிலுவையில தொங்கவிட்டுட்டு வீட்டை போறது மாதிரி." கொஞ்ச நேரம் நகத்து நீலத்தைச் சுரண்டினார். "ஒவ்வொரு வெள்ளியும் இந்தச் சனம் மூண்டு அடியோட நிப்பாட்டேக்க நான் மனசுக்குள்ள பாடி முடிக்கிறனான். நேற்று மனசுக்குள்ள நிக்கேல்ல. என்ர சிநேகிதன்ர உடம்பை ஆரின்ர மடியிலயும் வைக்கேல்ல."

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆனேக்கல்லிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். வாசலில் மெழுகுவத்திக் கடை, பலூன்காரர், கரும்பு ஜூஸ் வண்டி. தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களிடமிருந்து ஓவியரை மறைத்து, கோயில் மணிக்கூண்டில் வைத்துப் பூட்டினார் ஃபாதர். அன்றைக்கு மாலை அவர் முகத்தை நான் பார்த்தேன். தலபுராணங்களை அறுத்தவர் வீட்டிலேயே ஒரு தலபுராணம் முளைவிட்டிருந்தது.

"பேசாம விடுங்க ஃபாதர்" என்றேன். "ரெண்டு மாசத்துல மறந்துருவாங்க. புதுமைன்னே இருக்கட்டும். அவருக்கும் அது பாதுகாப்பு."

"என்ன சார் பாதுகாப்பு? புதுமைன்னா கூட்டம். கூட்டம்னா போலீஸ். இன்னும் நாலு செவ்வா போனா பத்திரிகைக்காரன் வருவான்."

"அப்ப வேற ஏதாவது சொல்லிச் சமாளிங்க."

"சமாளிக்கலாம்." எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஊமைன்னு சொன்னது என் பொய். அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். இப்ப அந்தப் பொய்ய ஆண்டவர் பேர்ல எழுதுறாங்க. இன்னும் நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் இந்தக் கோயில் கதைய எழுதுவான். ஊமை பாடினான்னு எழுதுவான். உண்மையில என்ன நடந்துச்சு? ஒருத்தனை ரெண்டு பக்கமும் துரத்துச்சு. அவன் உயிருக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டான். இந்தப் புதுமை நின்னா, அது நடக்கவேயில்லன்னு ஆயிரும். அவங்க சுவத்துக்கு சுண்ணாம்பு அடிச்சாங்க. நான் இங்க அதயேதான் பண்ணிட்டு இருக்கேன்."

வரலாறு சக்கரம் என்று நம்புகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. இந்தச் சுற்றில் சரியாகச் செய்யாததை அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். கோட்டில் நிற்பவருக்கு அது கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெளியூர்க்காரர்கள் போகும்வரை காத்திருந்து, கதவுகளைச் சாத்தச் சொன்னார். பீடத்தைவிட்டு இறங்கி சபையாரின் நடுவே வந்து நின்றார். மைக் இல்லை.

"இங்க புதுமை எதுவும் நடக்கல. அவர் ஊமை இல்ல. ஊமைன்னு உங்ககிட்ட பொய் சொன்னது நான். அவர் சண்டைக்குத் தப்பி வந்தவர். அவர் வாயத் தொறந்தா எந்த ஊருன்னு தெரிஞ்சுடும். தெரிஞ்சா கொண்டு போயிருவாங்க. கொண்டு போனா உயிரோட இருப்பாரான்னு எனக்குத் தெரியாது. உங்கள நம்பாமப் போனதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். போலீசுக்குச் சொல்லணும்னு நெனைக்கறவங்க சொல்லலாம். நான் தடுக்க மாட்டேன்."

ஓவியர் கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்றார். இட்லிக்கார அம்மாள் எழுந்தார்.

"ஒம்போது செவ்வா, சாமி." ஃபாதரை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். "பச்சத்தண்ணி பல்லுல படாம கெடந்தேன். எம்மவனுக்குக் கேக்க வேண்டியத இவருக்குக் கேட்டேன். அதத் திருப்பிக் குடுங்க."

"குடுக்க என் கையில ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப பொய் மட்டும் எதுக்குக் குடுத்தீங்க?"

கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். மற்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள். ஃபாதருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று போனேன். அவர் மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பிவிட்டேன்.

அடுத்த மூன்று நாளும் எல்லாரும் அந்த இட்லி அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாள் ஓவியருக்கு இட்லி கொடுக்கவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை. கோபம் ஆறவில்லை என்று தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை யாரிடமாவது சொன்னால் போதும். அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஊர்க்கதை கேட்பதற்காகவே சாப்பிட வருகிறவர்கள்.

வியாழக்கிழமை நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அங்கேதான் இருந்தேன். காவலுக்கு என்று எனக்கே நினைப்பு. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். சாதாரணச் சட்டைதான், ஆனால் தலைமுடி வெட்டியிருந்த விதமே யார் என்று சொல்லியது. இட்லி வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் கேட்டார்:

"ஏனம்மா, இல்லி மூகனிகே மாத்து பந்தந்தே? நிஜானா?" இங்கே ஊமைக்குப் பேச்சு வந்துவிட்டதாமே, உண்மையா என்கிறார்.

அம்மாள் இட்லித்தட்டிலிருந்து துணியை உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. எனக்கு வாயில் இருந்த இட்லி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"ஒம்பத்து வார பேடிகொண்டே, சாமி" என்றார் கன்னடத்தில். "பரலில்லா." ஒன்பது வாரம் வேண்டிக்கொண்டேன், வரவில்லை.

பாடினதாகச் சொன்னார்களே என்றார் மற்றவர். பாடினது மணியடிக்கிற கோயில்பிள்ளை, இருட்டில் சரியாகத் தெரியவில்லை, நானே முதலில் கத்தினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், என்றார் அம்மாள். கூட்டம் வந்ததே என்றார்கள். கூட்டம் வந்து ஏமாந்து போனது, கரும்பு ஜூஸ்காரன்தான் பிழைத்தான் என்றார். அந்தச் சமயம் பார்த்து ஓவியர் சுண்ணாம்பு வாளியோடு கோயில் வாசலில் வந்து நின்றார். பார்த்ததும் நிலைமை புரிந்திருக்க வேண்டும். திரும்பிப் போனால் சந்தேகம் வரும். வந்தார்.

"டேய், பேர் என்ன?" என்று திடீரென்று தமிழில் அதட்டினார் ஒருவர்.

ஓவியர் வாயைத் திறந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது நடிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பாத்தீங்களா சாமி?" அம்மாளின் கண்களில் தண்ணீர் கொட்டியது. "இதுக்குத்தான் ஒம்போது வாரம் பட்டினி கெடந்தேன். எங்க அற்புதர் செய்யல. எவ்ளோ கேட்டும் செய்யல." கோயில் வாசலில், அவருடைய சுரூபம் பார்த்துக்கொண்டிருக்க, அதைச் சொன்னார்.

அவர்கள் என் பக்கம் திரும்பி, நீங்கள் யார் என்று கேட்டார்கள். எழுத்தாளர் என்றேன். ஊமையைப் பார்த்ததைவிட அதிக இரக்கத்தோடு பார்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று மத்தியானம் அம்மாள் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். உள்ளே நடந்தது ரகசியம். ஆனால் அவரே வெளியே வந்து, அடுப்புச் சாம்பலை அள்ளியபடி என்னிடம் சத்தமாகச் சொன்னார்.

"பொய் சொன்னது பாவமில்ல, ஒரு உசுரக் காப்பாத்துனீங்கங்குறாரு சாமி. இவரு யாரு சார் அதச் சொல்றதுக்கு? அபராதம் கேட்டாலும் குடுக்கல. ரெண்டு பாவம் செஞ்சிருக்கேன். ஒண்ணு பொய். இன்னொண்ணு, செஞ்சவர செய்யலேன்னு சொன்னது."

"செஞ்சவரா? அதுதான் புதுமை இல்லன்னு ஃபாதரே சொல்லிட்டாரேம்மா."

அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அஞ்சு மாசமா வாயத் தொறக்காத ஆளு. உசுருக்கு பயந்து கெடந்த ஆளு. ஒம்போதாவது செவ்வா முடிஞ்ச வெள்ளிக்கிழம பாட்டு வருது. யாரு பாட வெச்சது? நீங்களா, சாமியா? சாமி பெரிய படிப்பு படிச்சிருக்காரு, இல்லங்கல. எனக்குத் தெரியும் யாரு வெச்சதுன்னு. தெரிஞ்சும் இல்லன்னேன் சார், அவரு மொகத்துக்கு எதுருலியே."

இதை நான் ஃபாதரிடம் சொன்னேன். எதிர்வாதம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஆதாரம், தேதி, சாட்சி. அவர் மேசைமேல் கிடந்த மலரின் புரூஃபை ஓரமாகத் தள்ளிவைத்தார். "நான் உண்மையச் சொல்லிட்டேன்னு நிம்மதியா இருந்தேன் சார்" என்றார். "எனக்கு அதுல செலவே இல்ல. அந்தம்மா உண்மைன்னு நம்புனத விட்டுக் குடுத்துருக்கு."

அம்மாளை மறுபடி கூப்பிட்டு, அவர் கேட்டபடியே அபராதம் கொடுத்தார். பெரிய வெள்ளிவரை தினமும் சாயங்காலம் பதினான்கு ஸ்தலத்துக்கும் முழந்தாள்படியிட்டுப் போக வேண்டும். அதையே தனக்கும் விதித்துக்கொண்டார். கால்மூட்டு வலிக்கு மருந்து சாப்பிடுகிறவர். ஒவ்வொரு சாயங்காலமும் அந்த அம்மாள் முன்னால், அவர் பின்னால். இன்னும் காயாத வர்ணத்தின் வாசனை. ஆண்டவரின் முகத்தை ஓவியர் எங்கும் அழகாக வரைந்திருக்கவில்லை. வழியில் போகிறவர்கள் எல்லாருக்கும்தான் தெளிவான முகம் இருந்தது. நான் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எந்த மதத்து ஆளாக உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

சபையில் ஒருவரும் இதைப் பற்றி வெளியே வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும், பக்கத்து வீட்டு மருமகள் என்ன சமைத்தாள் என்பதை அத்திப்பள்ளிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிற ஜனம் அது.

ஜூலையில் குருவானவர்கள் யாரோ ஏற்பாடு செய்ததில் ஓவியருக்கு ஒரு குளிர்தேசம் அடைக்கலம் கொடுத்தது. அதற்குப் பிறகு எனக்குச் செய்தி ஏதும் வரவில்லை. அம்மாள் தன் மகனுக்காக நவநாளை முதல் செவ்வாயிலிருந்து மறுபடி தொடங்கினார். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் சந்தாபுராவைவிட்டு வந்தபோதும் வேண்டிக்கொண்டுதான் இருந்தார்.

ஓவியர் புறப்பட்ட அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. ஃபாதர் கார் ஒன்றைப் பிடித்து வந்திருந்தார். அம்மாள் இலையில் இட்லியைக் கட்டிக்கொண்டு வந்து, வழக்கம்போல உரத்த குரலில், "வழியில துன்னுக்க தம்பி, கார சட்னி தனியா கட்டிருக்கேன்" என்றார். அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, சுற்றிலும் பார்க்காமல், அந்த ஊரில் எல்லார் எதிரிலும் முதல் முறையாகப் பேசினார்.

"போயிட்டு வாறன், அம்மா."

அம்மாள் சட்டென்று ஓசூர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவர் கையைப் பிடித்து அழுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மெதுவா பேசு, தம்பி."